சும்மா இருக்க விடுங்கள்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து போய், ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். காலை ஏழரை மணி. வாசலில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகி நிற்கிறது. நண்பர் ஹெல்மெட்டோடு நிற்கிறார். உள்ளே கூடத்தில், பிளஸ் டூ படிக்கும் அவர் பையன் பாயை விட்டு எழுந்திருக்காமல் சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஏண்டா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப ஏன் கிளம்பல? எட்டு மணிக்கு டெஸ்ட்டுடா."

"இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருக்கேன்பா. மத்தியானம் மேட்ச் பார்க்கணும்."

காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் நண்பர் விட்டிருப்பார். தலைவலி என்றிருந்தால் தைலம் எடுத்து வந்திருப்பார். 'சும்மா' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஏதோ சிகரெட் பாக்கெட்டைப் பையனின் சட்டைப் பையில் கண்டெடுத்த மாதிரி முகம் போய்விட்டது. என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்ப்பா. நீ சொன்னா கேப்பான்."

"அவன் கேக்கறதுல என்ன தப்பு?" என்றேன்.

அன்றைக்கு எனக்குக் காபி ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

நண்பரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். உங்கள் வாசலிலும் ஒரு ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. சுவரில் தொங்கிய காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பையனே எழுதிக் கொடுத்தது. பள்ளிக்கூடம் நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து நாள்: 40. சாயங்கால டியூஷன் இரண்டரை மணி நேரம், ஐந்து நாள்: பன்னிரண்டரை. சனிக்கிழமை காலையில் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ், மத்தியானம் கோச்சிங்: எட்டரை. ஞாயிறு டெஸ்ட்டும் 'பேப்பர் டிஸ்கஷனும்' ஐந்து. ஆக வாரத்துக்கு 66 மணி நேரம். வீட்டுப்பாடம் சேர்க்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி தில்லைநகர் பக்கம் போய் வருகிற நேரத்தையும் சேர்க்கவில்லை.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. சமீபத்தில் அதன் இடத்தைப் புதிய தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்ட அந்தச் சட்டம், மீசை முளைத்த ஒரு தொழிலாளியிடம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக்கூடாது என்றது. வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. பதினாலு வயது முடிந்து பதினைந்து முடியாத சிறுவன் என்றால் நாளைக்கு நாலரை மணி நேரம்தான். அதற்கு மேல் ஒரு நிமிஷம் வேலை வாங்கினாலும் முதலாளி குற்றவாளி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்பேனர் பிடிப்பவருக்கு வார ஓய்வு உண்டு. அவருடைய பிள்ளைக்குக் கிடையாது. பிள்ளை செய்யும் வேலைக்குச் சம்பளமும் கிடையாது. அப்பாதான் உல்டாவாகப் பணம் கட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்கிற மனிதர் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்து, கூட்டம் போட்டு, கடைசியில் 1890 ஜூன் 10-ம் தேதி வாங்கிக் கொடுத்தது அது. பட்டினி கிடந்தவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் போராடி வாங்கிய நாளை, நாம் கோச்சிங் சென்டர் கவுன்ட்டரில் சத்தமில்லாமல், அதுவும் கார்டு தேய்த்துப் பணமும் கட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

"அதெல்லாம் சட்டம் பேச நல்லா இருக்கும். காம்பெட்டிஷன் எப்படி இருக்கு தெரியுமா?" என்றார் நண்பர். தெரியும். 2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். எல்லாப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் எழுதினால் இந்தச் சொச்சம் கூடிவிடுமா? வைகுண்ட ஏகாதசி கூட்டத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்கும் ஒருத்தர் பெருமாள் சரியாகத் தெரியவில்லையே என்று குதிகாலை உயர்த்துவார். பின்னால் நிற்பவர் மறைக்கிறதே என்று தானும் உயர்த்துவார். அஞ்சு நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் கட்டைவிரலில் நிற்கும். முன்னைவிட நன்றாகப் பெருமாளைப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. கெண்டைக்கால் வலி மட்டும் எல்லோருக்கும். ஒருத்தர் மட்டும் காலை இறக்கினால் அவருக்கு நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்கச் சொல்ல ஒரு விதி வேண்டும்.

அந்த விதி இல்லாமலும் இல்லை. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் கீழே சேர்க்காதே. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு எடுக்காதே. வாரம் ஒரு நாள் விடுமுறை கொடு. எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த வரி: விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்காதே. இதை எழுதிய அதிகாரி யாரோ, பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். திங்கட்கிழமை டெஸ்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு வெறும் பெயருக்குத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இது சட்டமல்ல, மாநிலங்களுக்கு அனுப்பிய யோசனை. யோசனைகள் நம் ஊரில் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரிகளுக்குப் பின்னால் ராஜஸ்தானின் கோட்டா இருக்கிறது. கோச்சிங்கையே தொழிலாக வைத்திருக்கும் அந்த ஊரில் 2023 ஆகஸ்ட் 27-ம் தேதி சில மணி நேர இடைவெளியில் இரண்டு மாணவர்கள் தங்கள் உயிரை முடித்துக்கொண்டார்கள். மாவட்ட நிர்வாகம் பதறிப்போய், இரண்டு மாதத்துக்கு எந்த கோச்சிங் சென்டரும் டெஸ்ட் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 27 என்ன கிழமை என்று காலண்டரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை. சீனாக்காரர்களைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் 2021 ஜூலையில் அங்கே ஒரே உத்தரவில், பள்ளிப் பாடங்களுக்குச் சனி ஞாயிறிலும் லீவு நாட்களிலும் டியூஷன் நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கள்ளத்தனமாக நடக்கிறது என்கிறார்கள். நடக்கட்டும். கள்ளத்தனமாக நடத்த வேண்டிய விஷயம் என்றாவது அங்கே ஆகிவிட்டதே. இங்கே ஃபிளெக்ஸ் போர்டில் 'சண்டே ஸ்பெஷல் பேட்ச்' என்று போட்டோவோடு விளம்பரம் செய்கிறோம்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதெல்லாம் ஸ்ரீரங்கத்தில் நடப்பதுதான். ஊரே ஒருத்தர் படுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் இருக்கிறது. ஏழு மதில், 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், இத்தனையையும் தாண்டி உள்ளே போனால் பெருமாள் பாம்புப் படுக்கையில் கையைத் தலைக்கு வைத்துச் சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறார். அதற்குப் பெயரே 'பள்ளி'கொள்வது. தமிழில் பள்ளி என்றால் படுக்கை, பள்ளி என்றால் பாடசாலை. நாம்தான் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அவரை எழுப்பக்கூடத் தொண்டரடிப்பொடியாழ்வார் பத்துப் பாசுரம் பாட வேண்டியிருந்தது. உத்தர வீதிப் பையனை எழுப்ப போர்வையை உருவினால் போதும் என்று நினைக்கிறோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டையில் தாயுமான சுவாமி. அந்தச் சாமியின் பெயரைக் கொண்ட தாயுமானவர், திருச்சி நாயக்கர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். சும்மா இருப்பதன் சுகத்தை அவரைப்போல விதவிதமாகப் பாடியவர் கிடையாது. அவர் சொன்ன 'சும்மா' வேறு, பிளஸ் டூ பையனின் 'சும்மா' வேறு என்று பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டையும் விடுவதில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பையனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துக்கொண்டு நண்பரிடம் சர்.சி.வி.ராமனை இழுத்தேன். பக்கத்துத் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர். 1921-ல் கப்பலில் ஊருக்குத் திரும்பும்போது மத்தியதரைக்கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். கப்பலில் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் இருந்திருந்தால் நோபல் பரிசு போயிருக்கும் என்றேன். அடுத்து சுஜாதா. ஸ்ரீரங்கத்துத் தெருவில் ஆடிய கிரிக்கெட்டும் ரங்கு கடை அரட்டையும் இல்லாவிட்டால் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' ஏது? அவர் என்ஜினீயராகவும் ஆனாரே என்றேன்.

நண்பர் யோசித்துவிட்டு, "அப்ப சும்மா இருந்தா ராமன் மாதிரி வருவானா?" என்று கேட்டார். அதில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. ஞாயிறு எட்டு முதல் ஒன்பது வரை 'சும்மா இருக்கும் பயிற்சி' என்று ஒரு வகுப்பு தொடங்கினால் பணம் கட்ட அவர் தயார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அதே தராசைத்தான் தூக்கியிருக்கிறேன். சும்மா இருந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பதே தப்பு. ஒன்றும் கிடைக்க வேண்டாம். பையன் களைத்திருக்கிறான், அதனால் படுத்திருக்கிறான். அவ்வளவுதான் காரணம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இரவில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். டாக்டராகப் போகிற பையனை ஆறு மணி நேரத்தில் எழுப்பிவிட்டுத்தான் நாம் அந்த டாக்டர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, படுத்திருக்கட்டும், ஆனால் டிவி முன்னால் எதற்கு, வெளியில் போய் விளையாடலாமே என்பார்கள் சிலர். எங்கே? சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் ஞாயிற்றுக்கிழமை வெளியூர் வேன்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் வாரம் இரண்டு பி.டி. பீரியட், அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடர் ஓட்டத்துக்கான இந்திய அணியில் ஆரோக்கிய ராஜீவ், சுபா, தனலட்சுமி என்று மூன்று பேர் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். அந்த மாவட்டத்தில்தான் பிளஸ் டூ வந்ததும் ஓடுகிற பிள்ளையின் ஷூவை எடுத்துப் பரணில் வைக்கிறோம். விளையாட விடமாட்டோம், விளையாடுகிறவர்களைப் பார்க்கவும் விடமாட்டோம் என்றால் என்னதான் செய்வான்?

அதோடு, மேட்ச் பார்ப்பது ஒன்றும் அத்தனை மட்டமான காரியமல்ல. 1999 ஜனவரி 31, அதுவும் ஞாயிறுதான், சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 எடுக்க வேண்டும். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போயிற்று. 12 ரன்னில் தோல்வி. மைதானமே செத்த வீடு மாதிரி ஒரு நிமிஷம். பிறகு அந்தக் கூட்டம் எழுந்து நின்று ஜெயித்த பாகிஸ்தான்காரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன், அழுதுகொண்டே கைதட்டுவது எப்படி என்று பார்த்தான். அதை எந்த மெட்டீரியலில் போடுவீர்கள்?

2019 ஜூலை 14, இன்னொரு ஞாயிறு. லார்ட்ஸில் உலகக் கோப்பை ஃபைனல். இரண்டு பக்கமும் 241. சூப்பர் ஓவரில் இரண்டு பக்கமும் 15. கடைசியில் யார் அதிகம் பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதே சாயங்காலம் விம்பிள்டனில் ஃபெடரர் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட்டைக் கையில் வைத்திருந்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆடி ஜோகோவிச்சிடம் தோற்றார். எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கலாம், விதியே அபத்தமாக இருக்கலாம், அப்போதும் கேன் வில்லியம்சன் மாதிரி லேசாகச் சிரித்துவிட்டுப் போகலாம். நீட் ரிசல்ட் வருகிற நாளில் 22 லட்சம் பிள்ளைகளில் 20 லட்சம் பேருக்கு மேல் தேவைப்படப்போகிற சமாசாரம் இது. கோச்சிங்கில் ஜெயிப்பதற்குத்தான் பாடம் இருக்கிறது.

மறுபடியும் பலன் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். பழக்கதோஷம்.

எதிர்த் தரப்பில் ஒன்று நியாயம். சும்மா இருக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வில்லை. அங்கேயும் ஒரு கம்பெனி அவனை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் எல்லோரும் பார்க்கிற டிவியில் மேட்ச் பார்ப்பதை அதோடு சேர்க்காதீர்கள். நடுவில் பாட்டி, "யாரு ஜெயிக்கிறா?" என்று நாலு தடவை கேட்பாள். நாலு தடவையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றைய மேட்ச் என்ன தெரியுமா? நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். மழையால் இரண்டு மணி நேரம் தள்ளிப்போய் சாயங்காலம் ஐந்துக்குத்தான் தொடங்கியது. பையன் பாயிலிருந்து திண்டுக்கு மாறியிருந்தான். நண்பர் உள் அறையில் கோபமாகப் பேப்பர் படித்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஸ்கோர் என்ன?" என்று மட்டும் கேட்டார். ஷபாலி வர்மா 87 அடித்தார். "மாமா, இவங்க முதல்ல டீம்லயே இல்ல. பிரதிகாவுக்கு அடிபட்டதால செமி ஃபைனலுக்குத்தான் கூப்பிட்டாங்க" என்றாள் பையனின் தங்கை. பத்தாவது படிக்கிறாள். வீட்டில் எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் கிரிக்கெட் தெரிந்திருந்தது.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து குரல் வந்தது. போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் குரல். ராத்திரி, லாரா வோல்வார்ட் செஞ்சுரி அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தபோது தூக்கி அடித்த பந்தை, அமன்ஜோத் கவுர் விட்டு, பிடித்து, மறுபடி விட்டு, கடைசியில் ஒற்றைக் கையில் பிடித்தாரே, அந்த கேட்ச்சின்போது அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் கூச்சல் கேட்டு ஈரக் கையோடு ஓடிவந்து ரீப்ளேயில் பார்த்தாள். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம், செய்கிற ஆண்கள் 97. எனக்கு அந்தப் புள்ளிவிவரம் முன்பே தெரியும். ஆனால் காலையிலிருந்து ஒரு முழு நாள் பையனின் சும்மா இருக்கும் உரிமைக்காகத் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, அவள் அன்றைக்குக் காலை கோலம் போட்டு, டியூஷன் போய் வந்து, கொத்துமல்லி ஆய்ந்து, தட்டும் கழுவினாள் என்பது அந்த கேட்ச் வரைக்கும் கண்ணில் படவில்லை. 'பையன்' 'பையன்' என்றே இந்தக் கட்டுரையையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பாருங்கள்.

தீப்தி சர்மா கடைசி விக்கெட்டை எடுத்தபோது மணி பன்னிரண்டு. ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப் பிடித்த கேட்ச். 52 ரன்னில் ஜெயித்து முதல் முறையாகக் கோப்பை. நண்பர் எப்போது கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. காலையிலிருந்து அவர் செல்போனில் கோச்சிங் சென்டரிலிருந்து மூன்று மெசேஜ் வந்து கிடந்தது: உங்கள் மகன் இன்று தேர்வுக்கு வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்.

"என்னன்னு எழுதறது?" என்றார் என்னிடம்.

"சும்மான்னு எழுது" என்றேன்.

எழுதவில்லை. காய்ச்சல் என்று எழுதினார். அதற்கு மேல் அவரிடம் அன்றைக்கு எதிர்பார்க்க முடியாது.

அண்ணனும் தங்கையும் சமையலறை வாசலில் ரகசியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேரம் முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் முழுக்க அண்ணன் தேய்ப்பதாக ஒப்புக்கொண்டான். அவள் அதை நம்பவில்லை போலிருக்கிறது. பேனாவை எடுத்து வந்து, காலண்டரில் நவம்பர் 9-க்கு நேராக அண்ணன் பெயரை எழுதி, அவனையே கையெழுத்தும் போட வைத்தாள்.